பழம் நழுவி மாவில் விழுந்தது!



“பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்லதோடு நல்லது தானாகவே வந்து சேர்ந்தால் அவ்வாறு சொல்வது வழக்கம். ஆனால் எல்லாப் பழமும் பாலில் விழலாமா? பச்சை அன்னாசிப் பழத்தைப் பாலில் போட்டுச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பால் திரிந்து கசந்துவிடும். பழமும் நல்லது, பாலும் நல்லது. சேர்ந்த முறைதான் தவறு.

ஆகவே, எந்தப் பழம் எதில் விழவேண்டும், எப்போது விழவேண்டும் என்று அறிந்துகொள்வது அவசியம். பழம் பாலில் விழாமல் மாவில் விழுந்த கதையை இங்கே சொல்லப் போகிறேன். இது சமையற் குறிப்பு மட்டும் அன்று. நம் செஞ்சி வட்டாரத்தில் மரத்தடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சுவையைப் பற்றியதும் ஆகும்.

வகுப்பில் எழுந்த கேள்வி

சென்ற ஆகஸ்டு மாத இறுதியில் மனையியல் செய்முறை வகுப்புக்காக மாணவிகளிடம் ஒன்று சொல்லியிருந்தேன். “நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது மிகவும் விரும்பித் தின்ற சுவை எது? அதைக் கொண்டு வாருங்கள். அந்தச் சுவையில் ஒரு தோசை சுடுவோம்” என்றேன். வகுப்பே சிரித்தது. “ஆரஞ்சு மிட்டாயிலே தோசையா, டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். “ஏன் கூடாது?” என்றேன்.

மறுநாள் மேசைமேல் ஒரு சந்தையே கூடிவிட்டது. கறுத்த தோலுடன் பூவன் வாழை, கமலா ஆரஞ்சு, கடைசிக் கை நாவற்பழம், பருவத்தின் முதல் சீதாப்பழம், ஒரு முழு அன்னாசி எல்லாம் வந்திருந்தன. ஒருத்தி பெட்டிக்கடையிலிருந்து ஆரஞ்சு மிட்டாயே வாங்கி வந்திருந்தாள். இன்னொருத்தி மட்டும் ஒரு துணிப்பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தப் பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோசைக்கு உலகமெல்லாம் உறவு

மாவைக் கரைத்துச் சூடான கல்லில் வட்டமாக ஊற்றிச் சுடுவது மனிதன் கண்ட மிகப் பழைய பலகாரங்களில் ஒன்று. ஆங்கிலேயர் அதைப் ‘பான்கேக்’ என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் ‘கிரேப்’ என்கின்றனர். நமக்கோ தோசை, அடை, ஆப்பம், அப்பம், பணியாரம் என்று பல பெயர்கள். சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் இரவுக் கடைத்தெருவைக் காட்டும்போது, தேன்கூட்டைப் போன்ற மெல்லிய அடையை விற்கும் கூவியரையும் காட்டுகிறார். தேன்கூடு போல என்றால் என்ன பொருள்? உள்ளே கண் கண்ணாகத் துளைகள் இருந்தன என்பதுதானே? இன்றைக்கும் நல்ல ஆப்பத்துக்கு அதுவே இலக்கணம்.

ஐரோப்பாவில் இப்பலகாரத்துக்குத் திருச்சபையின் நாட்காட்டியோடும் தொடர்பு உண்டு. முற்காலத்தில் தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றை விலக்குவது வழக்கமாயிருந்தது. வீட்டில் இருப்பவை வீணாகக் கூடாதே என்று, திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாயன்று அவற்றையெல்லாம் மாவில் கலந்து சுட்டு உண்டனர். இன்றும் இங்கிலாந்தில் அந்த நாளைப் ‘பான்கேக் நாள்’ என்றே அழைக்கின்றனர். பிரான்சில் பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, கிரேப் சுடும் வழக்கம் இருக்கிறது. நம் செஞ்சிக் கோட்டையும் 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.

வீட்டில் மிஞ்சியது வீணாகாமல் எல்லார்க்கும் இனிப்பாக மாறவேண்டும் என்பதே இந்தப் பலகாரம் பிறந்த காரணம். இதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலில் அடிப்படை மாவு

கோதுமை மாவு ஒரு டம்ளர், பச்சரிசி மாவு கால் டம்ளர், பொடித்த வெல்லம் அரை டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் இரண்டு. வெல்லத்தை முக்கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆறவையுங்கள். வெல்லத்தில் மண் இருக்கும். வடிகட்டாவிட்டால் பல்லில் நறநறக்கும். பிறகு மாவுகளைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, கடைசியில் பழக்கூழ் அரை டம்ளர் சேருங்கள். இட்லி மாவுப் பதத்துக்கு இருக்கவேண்டும். இதில் உள்ளங்கை அகலத் தோசைகள் எட்டுப் பத்து வரும்.

இனி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். காரணம் தெரிந்தவளுக்கு அளவு மறந்தாலும் கை தவறாது.

கோதுமை மாவில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டதும் ரப்பர் போல இழுபடும். அதுதான் தோசையைப் பிய்ந்து போகாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் மாவை அடித்து அடித்துக் கலக்கினால் இழுவை கூடி, தோசை தோலாகிவிடும். ஆகவே கட்டி உடைந்ததும் கரண்டியை வைத்துவிட்டு இருபது நிமிடம் மாவுக்கு ஓய்வு கொடுங்கள். அரிசி மாவில் அந்த இழுவை இல்லை. அது ஓரத்துக்கு மொறுமொறுப்பைத் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் பலகாரம் மென்மையாகவும் இருக்கும், உடையாமலும் இருக்கும்.

“பழம் நல்லதுதானே, இன்னும் ஒரு டம்ளர் போட்டால் என்ன?” என்று ஒரு குழு ஆசைப்பட்டது. அவர்களுடைய தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு அல்வாவாக வந்தது! பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது மிகுந்தால் மாவு வெந்து இறுகுவதற்குப் போதாது. வெளியே கருகும், உள்ளே வேகாது. ஆசைக்கும் ஓர் அளவு உண்டு.

கல்லின் சூட்டைப் பார்க்க ஒரு துளி தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ரென்று பொங்கி மறைந்தால் இனிப்புத் தோசைக்குச் சூடு சரி. துளி மறையாமல் முத்துப் போல உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசை ஒட்டியோ தாண்டியோ போன கல்லில், துளியின் அடியில் நீராவி மெத்தை போல நின்று அதைத் தூக்கிக்கொள்கிறது. இந்த வித்தையை 1756இல் விளக்கி எழுதியவர் லைடன்பிராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர். நம் பாட்டிமாரும் தண்ணீர் தெளித்தே கல்லின் சூட்டை அறிந்தனர்.

இனிப்புத் தோசைக்கு ஏன் இளஞ்சூடு? பழச்சர்க்கரை சுமார் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைச் சர்க்கரை நிறம் மாறச் சுமார் 160 டிகிரி வேண்டும். ஆகவே பழம் சேர்ந்த மாவைச் சிறு தீயில் நெய் விட்டு, மூடி வைத்துச் சுடவேண்டும். மேலே கண் கண்ணாகத் துளை விட்டு ஈரம் வற்றியதும் ஒரே முறை திருப்புங்கள். திரும்பத் திரும்பப் புரட்டினால் உள்ளே பிடித்த காற்றெல்லாம் ஓடிப்போகும்.

பழத்துக்குப் பழம் குணம் வேறு

*வாழை:* காயாக இருக்கும்போது இதில் மாவுச்சத்து மிகுதி. கனியக் கனிய அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிறது. ஆகவே தோல் கறுத்து, வீட்டில் யாரும் தொடாத பழம்தான் மாவுக்கு உத்தமம். அத்தகைய பழம் போட்டால் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். பழத்திலும் வெல்லத்திலும் இருக்கும் இலேசான புளிப்போடு ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்ந்தால் கரியமில வாயு பிறந்து மாவை உப்ப வைக்கும். சோடா கூடினால் சவர்க்கார வாடை வரும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவை வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவை சேர்ந்த அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுவதில்லை. அதனால்தான் கெடாமல் இருக்கிறது. அதே ஐந்தையும் பிசைந்து, சுட்ட தோசையின் மேல் தடவிச் சுருட்டினோம். தட்டு காலியானதே சான்று.

*ஆரஞ்சு:* ஆரஞ்சு மிட்டாயின் வாசம் எங்கிருந்து வருகிறது? சாற்றிலிருந்து என்று எல்லாரும் நினைத்தனர். சாற்றை மாவில் ஊற்றினார்கள். புளிப்பு வந்தது, வாசம் வரவில்லை. தோலை விரலால் வளைத்துப் பிழிந்து காட்டினேன். மெல்லிய பன்னீர் போலத் தெறித்த எண்ணெய்தான் அந்த வாசம்! பழத்தை நன்றாகக் கழுவி, மேல்தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் துருவி அரைத் தேக்கரண்டி சேருங்கள். அதற்குக் கீழே உள்ள வெள்ளைத் தோல் கசக்கும், அதைத் தொடவேண்டாம். மிட்டாய் வாங்கி வந்தவள் தோசையைத் தின்றுவிட்டு, “மிட்டாயைவிட நன்றாயிருக்கிறது, டீச்சர்” என்று மிட்டாயைப் பக்கத்திலிருந்தவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

*நாவல்:* இதில் சமையலோடு ஒரு வேதியியல் பாடமும் கிடைத்தது. நாவற்பழக் கூழ் கலந்த மாவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டோம், செந்நீலமாகச் சிரித்தது. மற்றதில் ஆப்பசோடா போட்டோம். பாசி பிடித்த குளம் போல நீலமும் பச்சையுமாகி முகம் சுளித்தது! நாவலின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பூக்கும். ஆகவே நாவல் மாவில் சோடா கூடாது. அதன் துவர்ப்பை அடக்க ஒரு சிட்டிகை உப்பும் கூடுதலாக ஒரு கரண்டி வெல்லமும் போதும்.

*அன்னாசி:* தொடக்கத்தில் சொன்ன கசப்புக்குக் காரணம் இதுவே. அன்னாசியில் புரதத்தை அறுத்துச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. அது பாலின் புரதத்தைத் தாக்கும்போது கசப்புப் பிறக்கிறது. பப்பாளியிலும் இத்தகைய நொதி இருக்கிறது. சூடு பட்டால் அதன் வேலை நின்றுவிடும். ஆகவே அன்னாசியைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே மாவில் போடவேண்டும்.

*சீதா:* அன்னாசிக்கு நேர் எதிரான குணம். சீதாப்பழக் கூழைக் கொதிக்க வைத்தால் கசந்து நிறம் மாறிவிடும். எனவே இதை மாவில் போடக்கூடாது. வெறும் தோசையைச் சுட்டு ஆறவிட்டு, சீதாக் கூழைக் குளிர்ந்த பாலாடையோடு கலந்து மேலே தடவவேண்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: விதையோடு மிக்சியில் அடிக்கவே கூடாது. சீதா விதையின் உட்பருப்பு நஞ்சுள்ளது. கண்ணில் பட்டால் பெருங்கேடு செய்யும். விதையைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குங்கள். பொறுமை இல்லாதவர்க்குச் சீதாப்பழம் இல்லை!

பார்த்தீர்களா? ஒன்றைக் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். மற்றொன்றைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஒன்றுக்குச் சோடா நண்பன், மற்றொன்றுக்குப் பகைவன். பிள்ளைகளும் இப்படித்தான் என்று பக்கத்தில் நின்ற சகோதரி ஒருவர் மெல்லச் சொன்னார்.

புட்டி வாசமும் பழ வாசமும்

“இவ்வளவு பாடு எதற்கு? கடையில் எசன்ஸ் விற்கிறதே, இரண்டு சொட்டு விட்டால் போதாதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. வாழைப்பழ எசன்சின் முக்கியப் பொருள் ஐசோ அமைல் அசிட்டேட் என்னும் ஒரே ஒரு வேதிப்பொருள். அது உண்மையான வாழைப்பழத்திலும் இருக்கிறது. ஆனால் பழத்தில் அதனோடு இன்னும் எத்தனையோ வாசப்பொருள்கள் கூடி நிற்கின்றன. தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை எச்சரிக்க வெளியிடும் வாசத்திலும் இதே பொருள்தான் முதன்மை என்றால் வியப்பாயில்லையா? எசன்ஸ் என்பது ஒற்றைத் தம்பூரா. பழம் என்பது முழுக் கச்சேரி. தம்பூராவை மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தை அதையே சங்கீதம் என்று நினைத்துக்கொள்ளும். அதுதான் கவலை.

எசன்சில் வாசம் உண்டு. பழத்தின் நாரும் சத்தும் இல்லை. அதைவிட முக்கியம், எசன்ஸ் எல்லா ஊரிலும் ஒன்றே. ஓர் ஊரின் வாசம் புட்டியில் வருவதில்லை. இதை எனக்குப் புரிய வைத்தது அந்தத் துணிப்பைதான்.

துணிப்பையில் இருந்த பழம்

எல்லாரும் சுட்டு முடிந்தபின், “உன் பையில் என்ன?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்து வைத்தாள். கறுத்து, வழவழவென்று, தலை அளவு இருந்த ஒரு பனம்பழம்! அறை முழுவதும் அதன் வாசம் எழுந்தது. சிலர் மூக்கைப் பொத்தினர்; சிலர் சிரித்தனர். அவளோ, “நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க ஆயா இதிலேதான் பணியாரம் சுட்டுக் கொடுக்கும், டீச்சர். இப்போ ஆயா படுத்த படுக்கையா இருக்குது. எங்க வீட்டிலே வேற யாருக்கும் செய்யத் தெரியாது” என்றாள்.

வகுப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது.

மாணவிகளே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாம் பெருமையாக மேசைமேல் வைத்த அன்னாசியும் சீதாவும் அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்தவை நம்மவை ஆகிவிட்டன, நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனை, நம் விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரைதோறும் வயல் வரப்புதோறும் நிற்கும் பனை, தன் பழத்தை ஆவணியில் கொட்டுகிறது. அதை மாடு தின்கிறது, எறும்பு மொய்க்கிறது. நாமோ அதே மரத்தடியில் நடந்து போய்ப் பொட்டலப் பண்டம் வாங்குகிறோம்.

இந்தப் பழத்தைத் தள்ளாத தமிழர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்தார் இதில் செய்யும் பனங்காய்ப் பணியாரம் பேர்போனது. பனம்பழக் களியைச் சர்க்கரையோடு காய்ச்சி, மாவில் பிசைந்து, சிறு சிறு உருண்டைகளாகக் கிள்ளி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். வங்காளத்திலும் பனம்பழத்தில் வடை போன்ற இனிப்புச் செய்வதுண்டு. நாங்கள் யாழ்ப்பாணத்து முறையையே அடிப்படையாகக் கொண்டு, எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலாகக் குழிப்பணியாரச் சட்டியில் செய்தோம். செய்முறை வருமாறு:

1. தானாக விழுந்த, அடிபடாத பழத்தைக் கழுவித் தணலில் சுட்டோ, இட்லிப் பானையில் வேகவைத்தோ எடுங்கள். தோல் எளிதாக உரியும்.

2. நாரோடு ஒட்டிய களியைச் சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிழியுங்கள். துணியில் வடிகட்டி நார் நீக்குங்கள்.

3. ஒரு டம்ளர் களிக்கு அரை டம்ளர் சர்க்கரை அல்லது வெல்லம் சேர்த்துச் சிறு தீயில் கைவிடாமல் கிளறிச் சுண்டக் காய்ச்சுங்கள். பச்சை வாடை போய், கரண்டியில் ஒட்டித் தயங்கி விழும் பதம் வரவேண்டும்.

4. ஆறியபின், ஒரு சிட்டிகை உப்பும், அரிசி மாவும் கோதுமை மாவும் சமமாகக் கலந்து சுமார் ஒரு டம்ளரும் சேர்த்துப் பிசையுங்கள். பணியாரத்துக்குச் சற்றுத் தளர்வாக, வேண்டிய அளவு தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

5. குழிகளில் நல்லெண்ணெய் அல்லது நெய் விட்டு, முக்கால் குழி ஊற்றி, மூடி, சிறு தீயில் இருபுறமும் சிவக்கவிடுங்கள்.

பனம்பழத்தின் மஞ்சள் நிறம் உடம்பில் வைட்டமின் ‘ஏ’யாக மாறவல்ல நிறப்பொருள்களால் ஆனது. அவை கொழுப்பில் கரைபவை. ஆகவே எண்ணெயோ நெய்யோ சேர்ப்பது ருசிக்கு மட்டும் அன்று. பழத்துக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. காய்ச்சி இனிப்புச் சேர்த்தால் அது தணிந்து, தேநீரின் துவர்ப்புப் போல ஒரு சுவையாகிவிடும்.

முதல் ஈடு வெந்ததும் மூக்கைப் பொத்தியவர்களே முதலில் கை நீட்டினர் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். அந்தப் பெண் மட்டும் தன் பங்கைத் தின்னவில்லை. நான்கு பணியாரங்களை வாழையிலையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆயாவின் தீர்ப்பு

மறுநாள் காலை மணி அடிக்குமுன் அவள் என்னிடம் ஓடி வந்தாள். “என்ன சொன்னார்கள் ஆயா?” என்று கேட்டேன். ஆயா ஒரு பணியாரத்தை மெல்ல மென்று முழுவதும் தின்றாராம். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, “இன்னும் கொஞ்சம் சுண்டணும்டி. களி பாத்திரத்தை விட்டு உருண்டு வரணும்” என்றாராம். “உப்பும் பத்தலை” என்று கூடவே ஒரு குறையும் சொன்னாராம்!

அவள் முகத்தில் வருத்தம் இல்லை, வெற்றியே இருந்தது. ஏனெனில், படுத்த படுக்கையாக இருக்கும் ஆயாவிடம் “பணியாரம் எப்படிச் செய்வது?” என்று வீட்டார் பல முறை கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். “கண்ணளவுதான்” என்பாராம். தவறாகச் செய்த பணியாரம் நாவில் பட்டதும்தான் சரியான பதம் அவருக்கு நினைவு வந்தது. ஆகவே மேலே எழுதிய செய்முறையில் மூன்றாவதைத் திருத்திக்கொள்ளுங்கள்: களி பாத்திரத்தை விட்டு உருண்டு வரும்வரை காய்ச்சவேண்டும். உப்பு இரண்டு சிட்டிகை. அளவுக்கரண்டி அறியாத ஒருவர் நமக்குக் கற்பித்த பாடம் இது.

அடுத்த வாரம் அவள் வீட்டிலேயே தாயோடு சேர்ந்து மறுபடி செய்தாள். இம்முறை ஆயா இரண்டு கேட்டு வாங்கித் தின்றதாகச் செய்தி வந்தது.

ஆண்டு முழுதும் ஒரு பழம்

பருவம் அறிந்து செய்தால் செலவும் குறையும், சுவையும் கூடும். சித்திரை முதல் ஆனி வரை மாவும் பலாவும். பண்ருட்டிப் பலா நமக்கு அண்டை ஊர்ச் சொத்து. பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி ஆவியில் வேகவைத்து மசித்துச் சேர்க்கவேண்டும். ஆனி, ஆடியில் நாவல். ஆவணியில் பனம்பழம். புரட்டாசி, ஐப்பசியில் நம் வட்டாரக் குன்றுகளிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சீதா. மார்கழி, தையில் இலந்தை. அதைக் கொட்டை நீக்கிக் கூழாக்கி வெல்லத்தோடு சேர்த்தால் இலந்தை வடையின் சுவை அப்படியே வரும். வாழைக்கோ பருவமே இல்லை, எந்நாளும் துணை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

காலையில் ஒன்றும் தின்னாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். முதல் நாள் இரவே மாவைக் கரைத்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், காலையில் பத்து நிமிடத்தில் நான்கு தோசை சுடலாம். பழத்தையும் சோடாவையும் காலையில் சேருங்கள். கறுத்துப் போன வாழைப்பழத்தைக் குப்பையில் போடுமுன் ஒரு கணம் நில்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் சிறு வயதில் தின்ற பலகாரம் என்னவென்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் குறையில்லை. செய்து கொடுத்துத் தவற்றைத் திருத்தச் சொல்லுங்கள்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலக் கோட்டைகள் பதினொன்றுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. இராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து மக்கள் வருகிறார்கள். கல்லாலான பாரம்பரியத்தைக் காக்க அரசு இருக்கிறது, அறிஞர் இருக்கின்றனர். நாவில் நிற்கும் பாரம்பரியத்தைக் காக்க யார் இருக்கிறார்கள்? அதற்குக் காவலர் நீங்களேதான். உங்கள் வீட்டு அடுப்பே அதற்குக் கோட்டை.

வருகிற ஆவணியில் பனைமரத்தடியில் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டால் திரும்பிப் பாருங்கள். பழம் நழுவி விழுந்திருக்கும். அது மண்ணில் கிடந்து அழுகுவதா, மாவில் விழுவதா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.